அல்லிக்குளத்து ஒப்பந்தம்

எனக்கும் அபிநயாவுக்கும் சாதி வேறு. இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அழுகை, பட்டினி, யாரும் யாரோடும் பேசாத ஒரு முழுப் பொங்கல், நாகூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே பஸ்ஸில் தூது போய் வந்த சித்தப்பாக்கள் என்று எல்லாம் நடந்து முடிந்தது. அத்தனையையும் தாண்டி வந்த கல்யாணம் கடைசியில் ஒரு குளத்து மீனில் வந்து முட்டி நின்றது. வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வைகாசி முதல் வாரம். அபிநயாவின் அப்பா சிங்காரவேலு, அம்மா நாகம்மாள், கூட நாலு சொந்தங்கள் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஓடைமேட்டுக்கு வந்திருந்தார்கள். வீடு பார்த்து, சாப்பிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. சிங்காரவேலு நாகூர் பக்கத்துக் கடலோர ஊரில் விசைப்படகு வைத்திருப்பவர். அப்போது தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அறுபத்தொரு நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதர் ஒரு மாதமாகத் தரையில் நடந்துகொண்டிருந்தார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தவர் கண்ணில் அல்லிக்குளம் பட்டது. பாதி வற்றிப்போய், ஓரமெல்லாம் சேறு வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எப்ப வத்தும் சம்பந்தி?"

"இன்னும் இருவது நாள் ஆகுங்க," என்றார் என் அப்பா மருதையன். "மேட்டூர்த் தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஊரே எறங்கிப் பிடிச்சிருவோம்."

"அப்ப ஒரு போன் போடுங்க. வீச்சு வலையோட வந்துர்றேன். கை சும்மா இருந்து ஒரு மாசமாச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கூட நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். அம்மா ரெங்கம்மாள் தண்ணீர்ச் சொம்போடு உள்ளே போய்விட்டாள். ஊர்த் தலைவர் அண்ணாதுரை, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, ரொம்பத் தப்பாக வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல அறுபத்திரண்டு தலைக்கட்டு. வரி கட்டுற வீடு அவ்வளவுதான். அந்த வீட்டு ஆளுங்க மட்டும்தான் குளத்துல எறங்கலாம். வெளியூரு ஆளுங்க எறங்குற வழக்கம் இல்லீங்க."

"வெளியூரா?" என்றார் சிங்காரவேலு. "பொண்ணு குடுக்குறேன். நான் வெளியூரா?"

"வழக்கம்னு சொல்ல வந்தேன்..."

"நான் வெளியூருன்னா என் பொண்ணும் வெளியூருதான? அப்புறம் அவளை எதுக்குக் கேட்டு வர்றீங்க? நாகம்மா, செருப்ப மாட்டு. இந்தக் குளத்துல எனக்கு எடம் இருக்குன்னு ஊர் சொல்லட்டும். அன்னைக்கு நாள் குறிப்போம்."

வேன் கிளம்பிப் போய்விட்டது. ஒன்றரை வருட உழைப்பு, மண்ணோடு மண்ணாக. நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் அபிநயாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால், அந்தப் பக்கம் மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரிப்பு.

"பரிதி, இது என்னோட வேலைங்க! நான் தினமும் பண்ற வேலை!"

உண்மைதான். அபிநயா மீன்வளம் படித்தவள். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே ஒரு சின்னத் தீவு நாடு. அதன் பெயரை நான் எழுதினால் அவளுக்கு வேலை போய்விடும். அந்த நாட்டு மீன்வளத் துறைக்கு வீட்டிலிருந்தே ஒப்பந்த வேலை செய்கிறாள். அந்தத் தீவுக்காரர்களிடம் இருப்பது சின்னச் சின்னப் படகு, சுற்றிக் கிடப்பதோ பெரிய கடல். எங்கள் ஆட்களும் பிடித்துக்கொள்ளட்டுமா என்று ஐரோப்பாவிலிருந்து பெரிய சூரைமீன் கப்பல்கள் வந்து கேட்கும். சும்மா விட முடியாது. எத்தனை கப்பல், எந்த இடம், எந்த வலை, எத்தனை டன், கப்பலில் ஏறி நின்று பார்க்கும் ஆள் யார் என்று பக்கம் பக்கமாக எழுதி, இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கங்களைத் தயாரிப்பதுதான் அவள் பிழைப்பு. நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறவன். கடலுக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்கிடுவது எப்படி என்று கேட்டுத்தான் அவள் முதன்முதலில் எனக்கு மெயில் போட்டாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"உங்க ஊர் கரையோர நாடு. எங்க அப்பா அந்நியக் கப்பல். ஒப்பந்தம் போட்டுரலாம்," என்றாள்.

மூன்றே நாளில் ஆறு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. 'ஓடைமேடு ஊராருக்கும் நாகூர் சிங்காரவேலு தரப்பினருக்கும் இடையே அல்லிக்குளத்தில் நிலைத்த மீன்பிடிப்புக்கான பங்காண்மை ஒப்பந்தம்.' வலை ஒன்றே ஒன்று. கண்ணி சிறியதாக இருக்கக் கூடாது. அல்லி மண்டிய வடக்கு மூலை தடை செய்யப்பட்ட பகுதி. நடுவில் இருக்கும் ஆழமான மடுவில் இருநூறு கிலோ மீனை அடுத்த வருட விதைக்காக யாரும் தொடக் கூடாது. ஆமை அகப்பட்டால் திருப்பி விட வேண்டும். தண்ணீர்ப் பாம்பு அகப்பட்டால், 'உயிருடனும் உரிய மரியாதையுடனும்' திருப்பி விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே முதல் பிரிவு. குளத்துக்குச் சொந்தக்காரர்கள் தங்களால் முடிந்ததைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பிடித்தது போக எஞ்சியிருக்கும் உபரி மட்டுமே வெளித்தரப்புக்கு. உலகம் முழுக்கக் கடலுக்கு இதுதான் விதியாம்.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு நான் அதைப் படித்துக் காட்டினேன். சண்டை வரும் என்று பயந்தேன். நடந்தது வேறு.

"இரு இரு. கரையோர நாடுன்னா யாரு?" என்றார் அண்ணாதுரை.

"நாமதாங்க."

"நாம நாடா?"

"இந்த ஒப்பந்தப்படி நாடுதாங்க."

அண்ணாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேஷன் கடைக்கு ஒரு கட்டடம் கேட்டு ஏழு வருடம் மனு எழுதியவர். அன்றைக்கு ஒரு நாட்டுக்கே தலைவராகிவிட்டார். பாம்புக்கு மரியாதை என்ற பிரிவுக்குக் கைதட்டல் கூட விழுந்தது. நாம பிடிச்சது போகத்தானே, போனால் போகிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். உபரி எவ்வளவு என்று கணக்கெடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அதைவிட சந்தோஷம் வேறென்ன? என் கல்யாணத்தை என் பாடமே நடத்தி வைக்கப் போகிறது என்று துள்ளிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் குளத்தில் எவ்வளவு மீன் என்று பார்த்தேன். நாற்பது மீனைப் பிடித்து வால் துடுப்பில் ஒரு ஓரத்தைக் கத்தரித்துத் திரும்ப விட்டேன். நாலு நாள் கழித்து இன்னொரு நாற்பது பிடித்தேன். அதில் இரண்டு மட்டும் கத்தரித்தவை. அப்படியானால் மொத்தம் எண்ணூறு மீன். சராசரி ஒன்றரை கிலோ வைத்தால் ஆயிரத்து இருநூறு கிலோ. மடுவுக்கு இருநூறு போனால், பிடிக்கக் கூடியது ஆயிரம் கிலோ. சுத்தமான கணக்கு.

அடுத்தது வீடு வீடாகப் போய், வருடா வருடம் எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று கேட்பது. இங்கேதான் நான் மடையன் ஆனேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் செய்யக் கூடாத தப்பைச் செய்தேன். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் யாரிடமாவது விளைச்சல் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். வயலில் கதிர் கனம் தாங்காமல் படுத்துக் கிடக்கும். அவரோ, "ஏதோ இருக்குங்க" என்பார். பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால், "ஏதோ போயிருக்கான்." மாடு பத்து லிட்டர் கறந்தால், "வீட்டுக் காப்பிக்கு ஆவுது." வாயைத் திறந்து நிறைய என்று சொன்னால் கண் படும், இல்லையென்றால் எவனாவது வந்து பிடுங்கிக்கொள்வான். எப்போது ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. எங்கள் ஊரில் பிறக்கிற குழந்தை கூட, பால் போதுமா என்று கேட்டால் போதவில்லை என்றுதான் அழும்.

"மீனா? எங்க தம்பி! ரெண்டு கெண்டை ஆப்புட்டுச்சு. அதுவும் முள்ளு."

"ஒரு குழம்புக்கு ஆச்சு. அவ்வளவுதான்."

அறுபத்திரண்டு வீட்டிலும் இதே கதை. கடைசியாக என் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டேன். பெற்ற பிள்ளையிடம், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "ஒன்றரை கிலோ இருக்கும்" என்றாள். போன வருடம் நாலு நாள் குழம்பு, இரண்டு நாள் வறுவல், போதாததற்கு உப்புப் போட்டுக் காய வைத்தது வேறு. எல்லாவற்றையும் தின்றவன் நான். அதையும் எழுதிக்கொண்டேன்! காதல் மனிதனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

கூட்டினால் தொண்ணூற்று மூன்று கிலோ. ஆயிரத்தில் தொண்ணூற்று மூன்று போனால் உபரி தொள்ளாயிரத்து ஏழு. நான் அதையும் சந்தோஷமாகவே எழுதி, அடிக்கோடு போட்டு, இரண்டு தரப்பையும் கூட்டத்துக்கு அழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. சிங்காரவேலு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நாகம்மாள் பக்கத்தில். அபிநயா மடிக்கணினியோடு நேராக முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் இப்படி வரலாமா என்று பின்னால் யாரோ முனக, "நான் மருமகளா வரலீங்க, ஆலோசகரா வந்திருக்கேன்" என்றாள். அந்த முனகல் அதோடு நின்றது. எனக்கு நெஞ்சு ஒரு சாண் பெருத்துவிட்டது.

நான் எழுந்து கணக்கை வாசித்தேன். ஊராரின் பிடிப்பு தொண்ணூற்று மூன்று கிலோ. சிங்காரவேலு தரப்புக்குரிய உபரி தொள்ளாயிரத்து ஏழு கிலோ.

அறுபத்திரண்டு குடும்பமும் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அபிநயா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை.

சிங்காரவேலுவின் முகம் மலர்ந்தது. ஆனால் வாய் அதன் பழக்கத்தை விடவில்லை. "தொள்ளாயிரமா! அவ்வளவுக்கு நம்மால எங்கங்க முடியும்? வலையும் பழசு. இப்பல்லாம் மீன் பாடே சரியில்லை. ஏதோ ரெண்டு மீனு..." கடற்கரையிலும் இதே வியாதிதான் போலிருக்கிறது. படகு கொள்ளாமல் மீன் வந்தாலும் அவர்களுக்குப் பாடு சரியில்லைதான். நாகம்மாள் அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"இது எந்த ஊர் நியாயம்?" என்று அண்ணாதுரை எழுந்தார். "எங்க குளத்துல எங்களுக்குத் தொண்ணூறு கிலோவா?"

"நீங்க சொன்னதைத்தாங்க கூட்டினேன்," என்றேன். "உங்க வீட்ல ஒண்ணே கால் கிலோன்னு சொன்னீங்க."

"அது... அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுப்பா!"

"எழுதினதை மாத்தலாங்க," என்றாள் அபிநயா. "ஆனா மாத்தணும்னா, ஒவ்வொரு வீடும் எல்லாருக்கும் முன்னாடி எழுந்து நிஜத்தைச் சொல்லணும். விதி அப்படி."

பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மீன் செதிலைக் குழி தோண்டிப் புதைக்கிறவர்கள் நாங்கள். நிஜத்தைச் சொல்வதா? ஊரார் முன்னாலா? ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகம் சிவந்து போயிருந்தது.

"பதினாலு கிலோ," என்றாள். "போன வருசம் பதினாலு கிலோ. அதுல ஒரு விரால் மட்டும் மூணு கிலோ. கட்டிலுக்கு அடியில அண்டாவுல ஒளிச்சு வச்சிருந்தேன். போதுமா?"

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்புறம் மடை திறந்துவிட்டது.

"எங்க வீட்ல பதினேழு!"

"நாங்க இருவது! கெளுத்தி தனி!"

"நான் இருவத்தஞ்சு, தெரியுமா? மவ வீட்டுக்கு சீர்காழிக்கு பஸ்ல அனுப்பினேன். மூட்டையில நெல்லுன்னு சொன்னேன்!"

வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்த பெருமை. எழுபது வயது வைத்தியலிங்கம் பெஞ்ச் மேல் ஏறி நின்று முப்பத்திரண்டு என்று கத்தினார். அவர் பெண்டாட்டி கீழே நின்று, இல்லை முப்பத்தாறு என்று திருத்தினாள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடப்பாவி, இத்தனை வருசமா மறைச்சியே என்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நான் எழுத எழுத பேனா மை தீர்ந்தது. இப்போது எல்லோரும் கூட்டிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதாமல் இருக்க முடியுமா?

மொத்தம் ஆயிரத்து நானூற்று எண்பது கிலோ. குளத்தில் பிடிக்க இருப்பதோ ஆயிரம்.

"அப்ப உபரி?" என்று கேட்டார் சிங்காரவேலு.

அபிநயா மடிக்கணினியை மெல்ல மூடினாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "இல்லப்பா. வெளித்தரப்புக்கு ஒண்ணுமில்ல."

சிரிப்பெல்லாம் அப்படியே நின்றது. சிங்காரவேலு எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. மனிதர் சங்கடமாகச் சிரித்தார்.

"சரிங்க. கணக்கு கணக்குதான். நாகம்மா, கிளம்பலாம். அபி, வா."

அபிநயா என்னைப் பார்த்தாள். நான் கையில் காகிதத்தோடு நின்றேன். எனக்குத் தெரிந்த புள்ளியியல் முழுவதும் அந்த நிமிடம் எதற்கும் உதவவில்லை.

"அந்தக் காயிதத்தைக் குடு," என்றார் என் அப்பா.

அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிதாகப் பேசுகிறவரும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பிரிவை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"எங்களது போக மிச்சம் இருந்தா அவுங்களுக்குன்னு எழுதியிருக்கு. அதான?"

"ஆமாங்க மாமா," என்றாள் அபிநயா.

"அதை நான் ஒத்துக்க மாட்டேன். மிச்சத்தை சம்பந்திக்குக் குடுக்க மாட்டேன்."

வாசல்வரை போயிருந்த சிங்காரவேலு திரும்பினார். "அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லியாச்சே. இல்லாததையும் குடுக்க மாட்டேன்னு வேற சொல்லணுமா?"

"இருங்க சம்பந்தி. முழுசாக் கேளுங்க." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பா காலத்துல இந்தக் குளம் மிராசுதாரு கையில இருந்துச்சு. நாங்க அவரு வயல்ல கூலி. மீன் பிடிக்கிற அன்னைக்கு எங்க ஆளுங்க எல்லாம் கரையில கூடையோட நிப்போம். காலையிலேருந்து. அவுங்க பிடிச்சு, பங்கு போட்டு, வண்டியில ஏத்தினதுக்கு அப்புறம், பொழுது சாயுறப்போ ஒருத்தர் கையக் காட்டுவாரு. நாங்க எறங்கி சேத்துல தடவுவோம். நான் தடவியிருக்கேன். எட்டு வயசு எனக்கு. அதுக்குப் பேரு மிச்சம்."

பெஞ்ச் மேல் நின்ற வைத்தியலிங்கம் மெல்ல இறங்கி உட்கார்ந்தார்.

"அப்புறம் போராடித்தான் இந்தக் குளத்தை வாங்கினோம். அதான் யாரையும் விட மாட்டோம்னு நிக்கிறோம். சரி. ஆனா ஒருத்தரை உள்ள விடுறதுன்னா, கரையில நிக்க வச்சு மிச்சம் குடுக்க நான் ஆள் இல்ல." காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகினார். "மொத வலை அவரு போடட்டும். நாம அறுபத்திரண்டு வீடும் கரையில நிப்போம். அவரு போட்டு முடிச்சப்புறம்தான் நாம எறங்குறது. முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, என் வீட்டுப் பங்கையும் நான் விட்டுர்றேன்."

அப்புறம் அண்ணாதுரை கேட்டார்: "எத்தனை வீச்சு?"

"ஒண்ணு."

"ஒரே ஒரு வீச்சு. சரி," என்றார். ஊர் தலையாட்டியது. சிங்காரவேலு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வைகாசி கடைசி ஞாயிறு. ஏழு மணி வெயிலில் ஓடைமேடு மொத்தமும் கரையில் நின்றது. கையில் கூடை, கொசுவலை, பழைய சேலை, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தா. பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டி, வலையைத் தோளில் அடுக்கி, வலைக்கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அலையில் நிற்கிற கால், என்ன கம்பீரம்! நாலு எட்டு வைத்தார். அஞ்சாவது எட்டில் முழங்கால்வரை போனார். ஆறாவதில் இடுப்புவரை.

கடல் மணல் வேறு, எங்கள் களிமண் வேறு. அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கே தோன்றவில்லை.

ஆனாலும் வீசினார். இடுப்பு புதைந்த நிலையில், உடம்பைத் திருகி, ஒரே வீச்சு. வலை வானத்தில் முழு வட்டமாக விரிந்து விழுந்தது. கரையில் அத்தனை பேரும் 'ஆ' என்றார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வீச்சை யாரும் கண்டதில்லை. கயிறு விண்ணென்று இறுகியது. வலைக்குள் தண்ணீர் கொதித்தது. மனிதர் இழுக்கப் பார்த்தார். வலை வரவில்லை, அவர்தான் இன்னும் நாலு விரல்கடை உள்ளே போனார்.

"ஐயோ, புடிங்கடா அவரை!" என்று நாகம்மாள் கத்தினாள்.

அப்பா டிராக்டரில் வைக்கோல் கட்டுகிற வடக்கயிற்றைத் தூக்கி வீசினார். "இடுப்புல கட்டுங்க சம்பந்தி!"

சிங்காரவேலு கயிற்றைப் பிடித்து, இடுப்பில் கட்டாமல், வலைக்கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"யோவ், ஆளைக் கட்டுய்யா!" என்று அண்ணாதுரை மரியாதையை மறந்து அலறினார்.

"மொதல்ல வலைங்க! ஆளு எங்க போயிருவேன்!"

கடைசியில் முடிச்சுக்குப் பின்னால் அவரும் தொங்கிக்கொண்டார். அப்பா இழுத்தார், நான் இழுத்தேன், போதவில்லை. அண்ணாதுரை வந்தார். அம்மா வந்தாள், அபிநயா வந்தாள். வைத்தியலிங்கமும் அவர் பெண்டாட்டியும் வந்தார்கள். பிறகு யார் யார் என்று தெரியவில்லை, கரை முழுக்கக் கயிறு, கயிறு முழுக்கக் கை. ஏலேலோ என்று ஒரு குரல் எழுந்தது. களிமண் பெரிய சத்தத்தோடு வாயைத் திறந்து சிங்காரவேலுவை வெளியே துப்பியது. அவரும் வலையும் கட்லாவும் விராலுமாக எங்கள் மேல் வந்து விழுந்தார்கள். பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் வரிசையாக மல்லாந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். எழுந்து நிற்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

மூச்சு வாங்கிக்கொண்டே சிங்காரவேலு வலையைப் பிரித்து மீனை ஒரு சாக்கில் கொட்டினார். எண்பது கிலோவுக்குக் குறையாது. கூடையை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போன அப்பாவைக் கையால் தடுத்தார்.

"இருங்க சம்பந்தி. கயித்துல யார் யார் கை வச்சது?"

"எல்லாரும்தான்."

"எங்க கரையில வலை இழுக்குறப்போ கயித்துல கை வச்சவனுக்கு எல்லாம் பங்கு உண்டு. வழியில போறவன் ஒரு கை குடுத்தாலும் பங்குதான். நானா மாத்த முடியாது. பேரைக் கூப்பிடச் சொல்லுங்க."

அண்ணாதுரை சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். தலைக்கட்டுப் பட்டியல் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட, சிங்காரவேலு தன் கையால் எடுத்து எடுத்து வைத்தார். முதல் பெயர் மருதையன். அப்பா அந்த மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, அதனால் அம்மா துடைத்துவிட்டாள்.

அறுபத்திரண்டாவது வீட்டுக்கும் கொடுத்து முடித்தபோது சாக்கில் ஒரு மீன் மிச்சம் இருந்தது. சிங்காரவேலு அதைத் தொடவில்லை. கையைக் கழுவத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

அண்ணாதுரை பட்டியலை நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே குரலில், அதே ராகத்தில் கூப்பிட்டார்:

"அறுபத்து மூணு. சிங்காரவேலு."